செவ்வாய்க்கிழமை பாட்டில்

“எங்க எடுத்தீங்க இதை?”

“பேக்கரிக்குப் பின்னாடி, மேடம். பழைய கக்கூஸ் குழி.”

“கழுவவே இல்லையா?”

“கழுவிட்டு வந்தா தோண்டி எடுத்தேன்னு நீங்க நம்ப மாட்டீங்களே.”

“உங்க பேரு?”

“கிரேமர். ஆர்லன் கிரேமர்.”

“மிஸ்டர் கிரேமர், இது வயித்துவலி மருந்து பாட்டில். ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பது வாக்குல ஊதினது. நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே பேப்பர் விரிக்காம என் மேஜை மேல எதையும் வைக்காதீங்க.”

“சரிங்க மேடம். ஒண்ணு கேக்கலாமா? படகுத்துறைப் பக்கம், பச்சை ஜன்னல் வெச்ச பழைய வீடு... அது உங்களுதா?”

“ஆமா. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாத்தான்.”

இந்தப் பேச்சு நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்தச் ‘சும்மாத்தான்’ மட்டும் லெனோரா மல்ஃபோர்டின் தொண்டையில் மீன் முள்ளாக இன்னும் நின்றுகொண்டிருந்தது.

தெற்கு நியூ ஜெர்சியில், ஷெல்டன்ஸ் லேண்டிங் என்னும் அந்தச் சிற்றூரில், கண்ணாடி அருங்காட்சியகத்தின் காப்பாளராக லெனோரா இருந்தாள். வயது ஐம்பத்தாறு. கணவன் போய்ப் பதினான்கு வருடம். கண்ணாடியில் ஊதிய கைத்தடிகள், தொப்பிகள், பன்றி வடிவ சாராயக் குடுவை, மூடியில் அன்னம் உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக் கிண்ணம் என்று நாலாயிரத்துச் சொச்சம் பொருட்களுக்கு அவள்தான் பொறுப்பு. எதையும் கையுறை இல்லாமல் தொடமாட்டாள், யாரையும் தொடவிடவும் மாட்டாள்.

ஆர்லன் கிரேமர் பாட்டில் தோண்டுகிறவன். அந்த வட்டாரத்தில் இது வினோதமான பொழுதுபோக்கு அல்ல. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கண்ணாடி உலைக்களத்தில் வேலை பார்த்த ஆண்கள், மனைவிக்குத் தெரியாமல் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை எங்கே போட்டால் யாரும் தேடமாட்டார்களோ அங்கே போட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் குழியில். அந்தக் குழிகள் மண்ணாகிப் பல தலைமுறை ஆயிற்று. இப்போது பேரன்கள் ஆளுயரக் கம்பியைக் குத்திப் பார்த்து, மண் இளகும் இடத்தில் இறங்கி, தாத்தாக்களின் ரகசியத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சேறு ஒட்டிய ஒரு பாட்டிலோடு ஆர்லன் வந்துவிடுவான். ஞாபகமாகப் பேப்பர் விரிப்பான். லெனோரா உருப்பெருக்கியில் பார்த்து, இன்ன வருடம், இன்ன உலை என்று சொல்லுவாள். அவன் முதல்முறை கேட்பதுபோல ஆச்சரியப்படுவான். பிறகு அரை மணி நேரம் பேச்சு. மழை, மீன், தேவாலயத்துச் சிப்பி விருந்தில் உப்பு கூடிப்போனது. அவள் அவனை ‘மிஸ்டர் கிரேமர்’ என்பாள், அவன் அவளை ‘மிசஸ் மல்ஃபோர்ட்’ என்பான். பதினோரு வருடமாக இருவரும் அதிலிருந்து ஓரங்குலம் நகரவில்லை.

ஊருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்ததாக ஊர் நினைத்தது.

“அடியே, அவன் வர்றது உனக்காகன்னு நெனைச்சுக்காத,” என்பாள் வாசலில் டிக்கெட் கொடுக்கும் டாட்டி கேரிசன். முப்பது வருடத் தோழி என்ற உரிமை. “உன் வீடு உலை மேஸ்திரி குடியிருந்த வீடு. பின்பக்கம் இருக்கற குழிக்கு இந்த வட்டாரம் முழுக்க நாக்குத் தொங்குது. உன்னைக் கொஞ்சம் கொஞ்சமா இளக்கிட்டு ஒரு நாள் கடப்பாரையோட நிப்பான் பாரு.”

“பதினோரு வருஷமாவா இளக்குவான்?”

“நீ லேசுல இளகற ஆளா?”

தோண்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரர் வாயால் சரி என்று சொல்லாமல் ஒரு பிடி மண்ணைத் தொடமாட்டார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும், நேரில் கேட்கவேண்டும். ஆர்லன் எதையோ கேட்க வாயெடுப்பதை லெனோரா எத்தனையோ செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறாள். கதவுவரை போவான், திரும்புவான், தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றுவான், “சரி, அடுத்த மாசம்,” என்று போய்விடுவான். அவன் போனபிறகு அவள் மேஜையைத் துடைத்தபடி யோசிப்பாள். இந்த மனுஷன் வருவது குழிக்கா, எனக்கா? குழிக்குத்தான் என்றால் அதையும் கேட்டுத் தொலைக்கவேண்டியதுதானே. இப்படி ஒவ்வொரு முதல் செவ்வாயும் அவள் நீல நிற ஸ்வெட்டரைத் தேடி எடுக்காமலாவது இருக்கலாம்.

அந்த மே மாதம் அவன் கொண்டுவந்தது ஒரு சின்னக் குடுவை. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் திராட்சைக் கொத்து. வெளியெல்லாம் நல்ல கருஞ்சேறு.

“எங்க எடுத்தீங்க, மிஸ்டர் கிரேமர்?”

“மெதடிஸ்ட் பாதிரியார் வீட்டுப் பின்னாடி. எட்டடி ஆழம்.”

லெனோரா விளக்கடியில் குடுவையைத் திருப்பினாள். உள்ளே பார்த்தாள். நூறு வருடம் புதைந்த கண்ணாடிக்கு உள்ளே மீன் செதில் மாதிரி வானவில் படலம் படியும். இதன் உள்பக்கமோ நேற்றுத் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. புருவத்தைச் சுருக்கியவள், ஈரப் பஞ்சால் அடிப்பாகத்தைத் துடைத்தாள். சேற்றுக்கு அடியிலிருந்து சிவப்பு மையில் பொடி எழுத்துகள் எழுந்து வந்தன. 1987.44.3.

அருங்காட்சியகத்து எண். அவள் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுவது அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

ஒரே மாதிரி இருந்த முப்பது குடுவைகளை ஜனவரியில் அருங்காட்சியகம் ஏலத்துக்கு விட்டிருந்தது. விற்பதற்கு முன்னால் எண்களை அழிக்கவேண்டும். அந்த வாரம் அவளுக்குக் கடுங்காய்ச்சல். மூக்கைச் சிந்திக்கொண்டே அழித்ததில் ஒன்று தப்பியிருக்கிறது.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

“எட்டடியா?” என்றாள் மிகுந்த மரியாதையோடு.

“எட்டரைன்னே சொல்லலாம்.”

“மண்ணு எப்படி இருந்துச்சு?”

“மேல மணல், நடுவுல சிப்பி ஓடு, கீழ கருப்பு. ஒரு பக்கம் சரிஞ்சுடுச்சு, மிசஸ் மல்ஃபோர்ட். கொஞ்சம் விட்டிருந்தா அங்கேயே என்னை அடக்கம் பண்ணியிருப்பாங்க. பாதிரியாரும் பக்கத்துலதான் இருந்தாரு, செலவு மிச்சம்.”

“அய்யய்யோ! அவ்வளவு ஆபத்தா?”

“இதுக்காகப் பட்ட பாடுதானே,” என்றான் அடக்கமாக.

முழுப் பூசணிக்காயை இவ்வளவு அழகாகச் சோற்றில் மறைக்கும் ஆளை அவள் பார்த்ததில்லை. ஈரப் பஞ்சை எண்ணின்மேல் அழுத்திப் பிடித்தபடியே, குடுவையைப் பேப்பரில் சுற்றி அவனிடம் நீட்டினாள்.

அவன் போனதும் விஷயம் டாட்டிக்குப் போயிற்று. டாட்டி சிரித்துச் சிரித்து டிக்கெட் பெட்டிமேல் சாய்ந்தே விட்டாள்.

“ஏலத்துல வாங்கி, சேறு பூசி, உன்கிட்டயே கொண்டுவந்து... கடவுளே! லெனோரா, அப்போ அந்தக் குழி மேல அவனுக்கு எவ்வளவு வெறி இருக்கணும்னு பாரு!”

லெனோராவின் சிரிப்பு அங்கே நின்றது. அவளுக்குத் தோன்றியது வேறு. ஆனால் டாட்டி சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டில் எது என்று தெரியாமல் இன்னொரு செவ்வாய்க்கிழமையை அவளால் கழிக்க முடியாது.

குழியை இல்லாமல் செய்துவிட்டால்? தோண்டி முடித்த குழிக்காக எவனும் வரமாட்டான். அதற்குப் பிறகும் வந்தால், அவளுக்காக.

மறுநாளே, ஊரில் பாட்டில் தோண்டும் எஸ்ட்லோ சகோதரர்களைக் கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமை தன் வீட்டுக் குழியைத் தோண்டிக்கொள்ளலாம் என்றாள். அண்ணன் வர்ஜிலுக்குப் போனிலேயே மூச்சு முட்டிற்று. வியாழக்கிழமை, ரொட்டிக்கடை வரிசையில், அவளாகவே சேதியை ஆர்லனின் காதில் போட்டாள்.

ஆர்லனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“எஸ்ட்லோ பசங்களா? வேண்டாங்க.”

“ஏன்?”

“அது... அங்க ஒண்ணும் இருக்காது.”

“இருக்காதுன்னா அவங்க தோண்டினா என்ன?”

“புல்லு கெட்டுப்போயிடும்.”

“புல்லைப் பத்தி உங்களுக்கென்ன கவலை, மிஸ்டர் கிரேமர்?”

அவன் வாங்கவந்த ரொட்டியை வாங்காமலே போய்விட்டான். லெனோரா வீட்டுக்கு வந்து, நீல ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினாள். குழிதான். டாட்டி சொன்னதுதான் சரி.

சனிக்கிழமை எஸ்ட்லோ சகோதரர்கள் விடிந்ததும் வந்தார்கள். புல்லைக் கம்பளம் மாதிரி சுருட்டி ஓரமாக வைத்தார்கள். வர்ஜில் கம்பியைக் குத்தினான். வெண்ணெயில் கத்தி போல அது இறங்கிற்று.

“இதுதான் குழி! தம்பி, இறங்குடா!”

தம்பி வேட் இறங்கினான். எட்டு மணிக்கு வேலிக்கு வெளியே ஆர்லன் வந்து நின்றான். சவரம் செய்திருந்தான். கையில் எதுவும் இல்லை.

“என்ன ஆர்லன், பங்கு கேக்க வந்தியா?” என்றான் வர்ஜில். “வரிசையில நிக்க வேண்டியதுதானே. பதினோரு வருஷம் மாவு பெசைஞ்ச, ரொட்டியை நாங்க சுட்டுட்டோம்!”

டாட்டி காப்பியும் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க நாற்காலியும் கொண்டுவந்திருந்தாள். லெனோரா மட்டும் குழியைப் பார்க்கவில்லை. ஆர்லன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலடி. ஒன்றுமில்லை. ஆறடி. உடைந்த தட்டு ஒன்று. ஏழடியில் வேட் கத்தினான்.

“கண்ணாடி! முழுசா இருக்கு!”

வாளியில் மேலே வந்தது பச்சை நிறச் சோடா பாட்டில். கடையில் விற்ற, இயந்திரம் வார்த்த, திருகு மூடி போட்ட பாட்டில். வர்ஜில் அதைப் பார்த்தான். மெல்ல மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று தோண்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு குழியைக் காலி செய்து மூடுகிறவன், அடுத்து வருகிறவன் முதுகை ஒடித்துக்கொண்டு கடைசியில் தெரிந்துகொள்ளட்டும் என்று, அடியில் ஒரு புதுக்காலத்துப் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவான்.

உள்ளே ஒரு காகிதச் சுருள். வர்ஜில் பிரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான்.

“‘செப்டம்பர் 1979. நல்லதெல்லாம் என்னிடம் இருக்கிறது. தாமதமாக வந்தீர்கள், பரவாயில்லை, உடம்புக்கு நல்ல பயிற்சி. இப்படிக்கு, ஆர்லன் கிரேமர், வயது பத்தொன்பது.’” காகிதத்தைக் கசக்கினான். “டேய் ஆர்லன்! படுபாவி! ஏழடிடா! என் தம்பிக்கு மூட்டு வலிடா!”

குழிக்குள்ளிருந்து வேட் வேறு சில வார்த்தைகளைச் சொன்னான். டாட்டி சாண்ட்விச் தொண்டையில் சிக்கி இருமினாள்.

லெனோரா வேலியருகே நடந்தாள்.

“எழுபத்தொன்பதுல இது டில்டன் வீடு,” என்றாள்.

“ஆமாங்க. பெரியவர்கிட்ட கேட்டுத்தான் தோண்டினேன்.”

“அப்போ முதல் நாள் அந்த வீடு என்னுதான்னு கேட்டீங்களே... அன்னிக்கே தெரியுமா? குழி காலின்னு?”

“என்னைவிட வேற யாருக்குத் தெரியும்?” அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான். “நான்தானே காலி பண்ணினேன்.”

“பின்ன எதுக்குத் தோண்ட வேண்டாம்னீங்க?”

“அந்தச் சீட்டு உங்க கைக்குக் கிடைச்சா மானம் போயிடுமேன்னுதான். பத்தொன்பது வயசுல என்ன கொழுப்பு பாருங்க.”

“மெதடிஸ்ட் பாதிரியார் வீட்டுக் குடுவை? எட்டரை அடி?”

“அதுக்கென்ன?”

“அடியில என் அருங்காட்சியகத்து நம்பர் இருக்கு, மிஸ்டர் கிரேமர். என் கையெழுத்து.”

வர்ஜில் தன் சோகத்தையும் மறந்து “ஹோ!” என்று தொடையில் தட்டினான். ஆர்லனின் காது நுனிவரை சிவந்தது.

“இந்த ஊர்ல தோண்ட ஒரு குழி மிச்சமில்லைங்க,” என்றான் தாழ்ந்த குரலில். “நாலு வருஷமா எல்லாம் வாங்கினதுதான். சேறு மட்டும் என்னுது.”

“எதுக்கு இவ்வளவு பாடு?”

“வெறுங்கையோட வந்தா டாட்டி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்து, அன்னக் கிண்ணம் இருக்கற பக்கம் அனுப்பிடுவா. உங்க அறைக்கு விடமாட்டா.”

“விடமாட்டேன்தான்,” என்றாள் டாட்டி, வாய் நிறைய ரொட்டியோடு. “பார்வையாளருக்கு அங்க அனுமதி இல்லை.”

“நீ கொஞ்சம் சும்மா இருடி!” என்றாள் லெனோரா, திரும்பாமலே.

ஆர்லன் தொப்பியைக் கழற்றினான். அதை ஒரு சுற்றுச் சுற்றினான். கதவு எதுவும் பக்கத்தில் இல்லாததால் போவதற்கு வழியில்லை. வர்ஜில் பார்த்துக்கொண்டிருந்தான், டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள், குழியின் விளிம்பில் வேடின் தலை மட்டும் முளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மிசஸ் மல்ஃபோர்ட்,” என்றான். “லெனோரா. இனிமே நான் பாட்டில் இல்லாம வரலாமா?”