வாய் திறந்தால் பரிமாறு

மாப்பிள்ளைக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: வாய் திறந்தால் பரிமாற வேண்டும். சாப்பாட்டுக் கடையில் அவர் வாளியைத் தூக்கினால், போதும் என்று மறித்த கையின் மேலேயே குழம்பு விழும். எழுந்து ஓடியவர்களைத் தெருமுனை வரை துரத்திப் பரிமாறியதாகவும் கேள்வி.

அப்பேர்ப்பட்டவரைத்தான் மாமனார் மீன் குளத்தில் இறக்கினார். மாமனாரோ ஜவுளிக்கடையை விற்றுக் குளம் வாங்கியவர். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவர். மேல்குளம் மாப்பிள்ளைக்கு, கீழ்க்குளம் மாப்பிள்ளையின் மச்சானான தன் மகனுக்கு.

"யார் மீன் கொழுக்குதோ அவனுக்கு ரெண்டு குளமும். தோத்தவன் காலம் பூரா ஜெயிச்சவனுக்குத் தீனி மூட்டை தூக்கணும்," என்றார், சீட்டுக்கட்டைக் கலைக்கிற குஷியில்.

மாப்பிள்ளை அள்ளி அள்ளிப் போட்டார். மீன்கள் தின்றது கொஞ்சம். மிச்சம் அடியில் கிடந்து அழுகியது. அந்த அழுகலின் சத்தையும் மீன் கழிவின் சத்தையும் உறிஞ்சிப் பாசி தழைத்தது. குளமே பச்சைப் பட்டாக மின்னியது.

"என்ன கலரு மாப்ள! மீட்டர் போட்டு வெட்டலாம் போலிருக்கே!" என்று மாமனார் பூரித்தார்.

மீன் வளர்ப்பு படித்த மச்சான் மட்டும் கரையில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். வெயில் இருக்கும்வரை பாசி தண்ணீருக்குக் காற்றைக் கொடுக்கும். வெளிச்சம் போனால் அதுவும், அழுகலைத் தின்னும் கிருமிகளும் சேர்ந்து இருக்கிற காற்றையும் உறிஞ்சிவிடும். எல்லாம் அவனுக்குத் தெரியும். மூச்சு விடவில்லை.

வானம் மூடிக்கிடந்த ஒரு காலையில் மேல்குளத்து மீன்கள் மொத்தமும் தலையைத் தூக்கி வாயைப் பிளந்தன.

"பாவம் அத்தான், பசி!" என்றான் மச்சான். "எப்படிக் கெஞ்சுதுங்க பாருங்க."

"அட என் செல்லங்களா!"

காற்றுக்குத் தவித்த வாய்களில் மாப்பிள்ளை மூட்டையையே கவிழ்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தான்."

மறுநாள் குளம் வெள்ளை வெளேரென்று மிதந்தது. அன்றைக்குத் தின்ற தீனியில் காக்கைகள் பறக்க முடியாமல் நடந்தே கூடு திரும்பின.

"உன் புருஷன் சாகடிக்கிறதுலகூடக் கஞ்சத்தனம் பாக்கலம்மா," என்று மாமனார் மகளிடம் சொல்லிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். தோற்ற மாப்பிள்ளை மச்சானின் தீனி மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"நாத்தம் குடலைப் புடுங்குது. மதகைத் திறந்து தண்ணியைக் கீழ விடுங்க," என்றார் மாமனார்.

மச்சானின் முகம் வெளிறியது. "ஐயோ, வேணாம்ப்பா! அது வந்தா என் மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துரும்!"

"மூச்சா? பசின்னு நீதானடா சொன்ன?"

தெரிந்தே கொன்றதாக ஒப்புக்கொண்டால் அப்பா இரண்டு குளத்தையும் பிடுங்கிக்கொண்டு வாசலைக் காட்டுவார். மச்சான் சொன்னான்: "பசிதான்ப்பா."

மச்சானின் சூது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே போய், மதகைக் கடைசித் திருகு வரை திறந்தார்.

விடிந்ததும் கீழ்க்குளம் முழுக்க வாய்கள். மாப்பிள்ளை மூட்டையோடு கரையேறினார். பழைய பந்திக் குரல் கணீரென்று வந்தது.

"பாவம் மச்சான், கெஞ்சுதுங்க. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடு மாப்ள, தாராளமா போடு!" என்றார் நாற்காலியில் இருந்த மாமனார்.

மச்சான் தடுக்க வாயைத் திறந்தான். மாப்பிள்ளை அந்த வாய்க்கும் ஒரு கை அள்ளிப் போட்டார்.