நாற்பத்தொன்றாம் எண்ணின் குரல்

வாடகைக் காரின் கதவு திறந்ததை யூலா கண்டாள், ஒஸ்னெல் காணவில்லை. ஆறாம் அவென்யூவில் அவளுக்குச் சற்று முன்னால் சைக்கிளில் விரைந்துகொண்டிருந்தவன் அந்த மஞ்சள் கதவின்மேல் மோதித் தூக்கியெறியப்பட்டு, ஈரச் சாலையில் விழுந்தான். காரிலிருந்து இறங்கிய கனவான் முதலில் தம் கால்சட்டையில் சேறு தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதன் பின்னரே விழுந்தவனைப் பார்த்தார்.

யூலா தன் சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஒஸ்னெலின் முழங்கால் பிளந்திருந்தது.

"எந்திரிக்காதே. ஆம்புலன்ஸ் வருது."

"வரட்டும் அக்கா. நாலு தையல் போட்டுட்டா நாளைக்கு வந்துடுவேன். ஆனா பைக்குள்ள கோர்ட்ல குடுக்கவேண்டிய காகிதக் கட்டு இருக்கு. அங்க வாங்கற ஜன்னல மூடறதுக்குள்ள போகணும்."

அவன் அதற்குமேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. சென்ற வாரம்தான் ஒருமுறை விழுந்திருந்தான். 'இன்னொரு தடவை ரோட்ல படுத்தேன்னா உன் நம்பர் வேற ஆளுக்குப் போயிடும்' என்று, கூரியர் கம்பெனியில் வேலை பகிர்ந்தளிக்கும் கார்மைன் எல்லார் முன்னிலையிலும் கூறியிருந்தான். எண் போனால் வேலை போகும். வசந்தத்தில் ஹெய்ட்டியிலிருந்து வரவிருந்த மனைவியை ஒஸ்னெல் எங்கே குடிவைப்பான்?

விழுந்தவனுடைய பையை முதலில் வந்தவர் எடுத்துக்கொள்வதும், அவனுடைய வாக்கி டாக்கியில் அவனாகவே பதில் சொல்வதும், அலுவலகத்துக்கு ஒரு சொல்லும் தெரியவிடாமலிருப்பதும் கூரியர்களின் வழக்கம். இரைச்சலில் ஓர் ஆண்குரல் மற்றோர் ஆண்குரலாகவே காதில் விழும். ஆனால், அந்தக் கம்பெனியில் சைக்கிள் மிதித்த ஒரே பெண் யூலா. அகப்பட்டால் இருவர் எண்ணும் போகும். அவள் ஒஸ்னெலின் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பையையும் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மிதித்தாள்.

இரண்டு தெரு கடப்பதற்குள் ஒஸ்னெலின் கருவியில் கார்மைனின் குரல் கரகரத்தது.

"நாப்பத்தொண்ணு! கோர்ட்டுக்குப் போயாச்சா இல்லையா? வக்கீல் ஆபீஸ்ல என் உயிரை வாங்கறாங்க."

யூலா தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "போய்க்கிட்டே இருக்கேன்."

"என்னடா தொண்டை இது?"

"சளி."

"சளியா? எங்க அத்தை பேசற மாதிரி இருக்கு."

அலைவரிசையில் எவனோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். பிறகு கார்மைன் அவளுடைய எண்ணை அழைத்தான்.

"பன்னெண்டு! நீ எங்கே இருக்கே?"

பேருந்துக்கும் லாரிக்கும் இடையே தோளொடுக்கிச் சென்றுகொண்டிருந்தவள் தன் சொந்தக் குரலில், "பஞ்சர். ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"பஞ்சர் ஒட்டறப்போ பஸ்ஸு ஹாரன் காதுக்குள்ளேயே அடிக்குதே?"

"ரோட்டோரத்துலதானே ஒட்டறேன்? உங்க வீட்டு வரவேற்பறையிலயா ஒட்ட முடியும்?"

தெற்கே செல்லச் செல்லக் காற்று முகத்தில் அறைந்தது. சிவப்பு விளக்கு ஒன்றுக்கும் அவள் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் மின்தூக்கியின் முன் வழக்கறிஞர்கள் கூட்டமாக நின்றனர். படிகளில் ஏறினாள். மாடியை அடைந்தபோது எழுத்தர் சாளரக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார். யூலா காகிதக் கட்டையும் அதனோடு சேர்த்துத் தன் கையையும் உள்ளே நீட்டினாள்.

"கையை எடும்மா. நசுங்கிடும்."

"முத்திரையைக் குத்துங்கய்யா. எடுத்துடறேன்."

அவர் சேறு படிந்த அந்தக் கையுறையை நோக்கினார், சுவர்க் கடிகாரத்தை நோக்கினார், முத்திரையைக் குத்தினார்.

படிகளில் இறங்கினாள். வாசலை அடைவதற்குள் இரு கருவிகளிலும் கார்மைன் ஒருங்கே ஒலித்தான்.

"பன்னெண்டு, அம்பத்தேழாம் தெரு, வடக்கே. நாப்பத்தொண்ணு, வால் தெரு, தெற்கே. ரெண்டு பேரும் உடனே கிளம்பணும். ரெண்டு பேரும் இப்பவே பதில் சொல்லணும்."

கார்மைனுக்குத் தெரிந்துவிட்டது. ஓருடம்பு இரு திசைக்குச் செல்ல இயலாது.

"பன்னெண்டு, கிளம்பிட்டேன்" என்றாள். மற்றக் கருவியின் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

அவள் அழுத்துவதற்கு முன்பே அக்கருவியிலிருந்து கனத்த ஆண்குரலொன்று எழுந்தது.

"நாப்பத்தொண்ணு. வால் தெரு முனையிலதான் நிக்கிறேன். எடுத்துக்கறேன்."

ஒஸ்னெலைவிட இருபது வயது மூத்த வேறொரு கூரியரின் குரல் அது. கார்மைன் பென்சிலால் மேசையைத் தட்டியது கேட்டது.

"சளி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நாளைக்குக் காலையில நாப்பத்தொண்ணு என் முன்னாடி வந்து நிக்கணும். ரெண்டு கால்ல."

யூலா சைக்கிளை வடக்கே திருப்பினாள். மழை தொடங்கியிருந்தது. இருக்கையை விட்டெழுந்து, நின்றவாறே மிதித்தாள். கார்மைன் மறுபடியும் நாற்பத்தொன்றை அழைத்தான். இம்முறை ஸ்பானிய வாடையோடு ஓர் இளங்குரல், "சொல்லு, இங்கதான் இருக்கேன்" என்றது. கடைகளின் வெளிச்சம் நனைந்த சாலையில் நீளநீளமாக விழுந்திருந்தது. அதன்மேல் அவளுடைய சக்கரங்கள் நீரைக் கிழித்துக்கொண்டு சென்றன.