மஜீது பாய்க்கு மட்டும் தெரிந்தவர்

பூங்குழலிக்குப் பேய் பிசாசு மீதெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஹாஸ்டல் இரண்டாவது மாடி பாத்ரூமில் வளையல் சத்தம் கேட்கிறது என்று மற்ற பெண்கள் கும்பல் சேர்த்துக்கொண்டு போவார்கள். இவள் தனியாகப் போய்க் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நிற்பாள். "உன்னையப் பாத்து அதுதான்டி பயந்து ஓடியிருக்கும்" என்பாள் அறைத்தோழி ஜெயசுதா. பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி ஒன்றில் இருவரும் கண் பரிசோதனைப் படிப்பு படித்து, அதே வளாகத்து ஆஸ்பத்திரியில் கடைசி வருஷப் பயிற்சியில் இருந்தார்கள்.

அவளுக்குக் குன்னம் பக்கம். வானம் பார்த்த கரிசல் பூமி. அப்பா சிங்காரவேலு பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர், காற்று திசை மாறி முகத்திலேயே அடிக்க, வயலில் விழுந்துவிட்டார். அவள் அப்போது பிளஸ் டூ. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடித்தபோது அவளும் எட்டிப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கண் அவளைத்தான் பார்த்தது. வாய் ஏதோ சொல்லப் பார்த்தது, நுரைதான் வந்தது. அவ்வளவுதான், போய்விட்டார்.

பிறகு ஊரே நர்சிங் படி, நர்சிங் படி என்று நச்சரித்தபோதும் கண்ணுக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். படித்து முடித்ததும் குன்னம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு கண் பரிசோதனை நிலையம் வைக்க வேண்டும். ஒரு மிஷினும் நாலு நாற்காலியும் போதும் என்று ஆசை. ஆனால் அந்த ஆசைக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அப்பா என்ன சொல்ல வந்தார்? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யாருக்குத் தெரியும்?

அப்படி இருக்கும்போதுதான் மஜீது பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் வெல்டிங் வேலை பார்த்தபோது பொறி தெறித்து வலது கண் அங்கேயே போய்விட்டது. இருந்த ஒற்றைக் கண்ணிலும் புரை முற்றிப் பால் போல வெளுத்திருந்தது. அவர் மனைவி ஜுலைகா கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

பூங்குழலி டார்ச் அடித்தாள். "வெளிச்சம் எந்தப் பக்கம் வருது பாய்?"

சரியாகக் கை காட்டினார். பிறகு தலையைச் சாய்த்து, "பின்னாடி நிக்கிறவர ஒக்காரச் சொல்லு புள்ள. முதுவுல பாரத்த வச்சிக்கிட்டு எம்மா நேரம் நிப்பாரு, பாவம்" என்றார்.

அவள் திரும்பினாள். சுவரும், எழுத்து அட்டையும். சிரித்துக்கொண்டாள். பார்வை போகப் போக மூளை தானாகவே படம் காட்டும், ஆள்கூடத் தெரியும், அது பைத்தியமில்லை என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளாயிற்றே.

"எப்படி இருக்காரு பாய்?"

"மருந்தடிக்கிற டப்பா மாட்டியிருக்காரு. மூஞ்சியப் பச்சத் துண்டால சுத்தியிருக்காரு. ஒரு கால்லதான் செருப்பு இருக்கு."

அவள் டார்ச்சைக் கீழே இறக்கினாள். அப்பாவை வயலிலிருந்து தூக்கியபோது ஒரு செருப்பு சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. மறுநாள் அவள்தான் போய்ப் பிடுங்கி எடுத்து வந்தாள். அது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"ஏதாச்சும் சொல்றாரா?"

"வாயி அசையுது. துண்டு மறைக்குது, வெளங்கல."

கண்ணில் ஆபரேஷன் செய்யும் முன் கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்று மூக்கோரம் அமுக்கிப் பார்ப்பது வழக்கம். சீழ் இருந்தால் ஆபரேஷன் தள்ளிப் போகும். பூங்குழலி அமுக்கினாள். சொட்டுக்கூட வரவில்லை, சுத்தமான கண். ஆனால் பார்வை திரும்பினால் அந்த உருவங்கள் மறைந்துவிடும் என்றும் பாடத்தில் இருந்ததே! நாளைக்கே ஆபரேஷன் என்றால், அப்பா நாளைக்கே போய்விடுவார். இன்னொரு தடவை போய்விடுவார். அவள் சீழ் இருப்பதாக எழுதினாள். டாக்டர் பரிமளா அதைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பூங்குழலி பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

மஜீது பாயை வாரம் தவறாமல் வரச் சொன்னாள். அவரும் வந்தார். "கிட்ட வந்துட்டாரு புள்ள" என்றார் ஒரு தடவை. "துண்டு தளந்திருக்கு" என்றார் அடுத்த தடவை. அவளுக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி. சந்தோஷம்தான் கூட என்று சொல்ல வேண்டும், அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மெஸ்ஸில் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டாள். அறைக்குள் வந்தால் கதவை உடனே சாத்தாமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"யாருக்குடி கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்று ஜெயசுதா ஒருநாள் கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

ஜுலைகா ஒவ்வொரு தடவையும் கேட்டார். "எப்பம்மா ஆபரேசன் பண்ணுவீங்க? பேத்தி பொறந்து தவழுது, இனாயான்னு பேரு. இவங்க இன்னும் அது மொகத்தப் பாக்கல. தடவித் தடவிப் பாக்குறாங்க."

"இன்னும் ஒரே வாரம்மா. சீழ் வத்திடட்டும்" என்றாள் பூங்குழலி. சொல்லும்போது நாக்கு கூசியது. அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானமாக நினைத்துக்கொண்டாள். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வந்தார். பத்து நாளாகத் தலைவலி, வாந்தி என்றார் ஜுலைகா. ஒற்றைத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். பூங்குழலி மூடிய இமைமேல் விரல் வைத்துப் பார்த்தாள். கண் கல்லாக இறுகிக் கிடந்தது. மிஷின் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த டாக்டர் பரிமளா உதட்டைப் பிதுக்கினார். "பொரை வீங்கி பிரஷர் ஏறி, நரம்பே போயிடுச்சு போலிருக்கு. முன்னாடியே பண்ணியிருந்தா பொழச்சிருக்கும். என்ன பண்றது, சீழ் இருந்துச்சே" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். ஜுலைகா பேத்தியைத் தூக்கி வந்திருந்தார். பிள்ளையைத் தாத்தாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் விரலைக் காட்டினார், டார்ச்சைக் காட்டினார். மஜீது பாய் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் ஏதோ ஆறுதலாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். குழந்தை தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுத்தது.

"ஒண்ணுமே தெரியல புள்ள" என்றார் அவர் மெதுவாக. "அந்த ஆளு மட்டுந்தான் தெரியுறாரு. பளிச்சுனு தெரியுறாரு."

கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள். "துண்டு?"

"எடுத்துட்டாரு. ஒன் சாட மூஞ்சி."

"என்ன சொல்றாரு பாய்?"

அவர் கொஞ்ச நேரம் அந்தச் செத்த கண்ணை அசைக்காமல் வைத்துக்கொண்டு பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பூங்குழலியின் பிடரிக்குப் பின்னாலிருந்து, மின்விசிறிக் காற்றுக்கு நடுவே, பூச்சிமருந்து வாடை வந்தது.

"ஒண்ணும் சொல்லல. ஒன் பக்கம் திரும்பவே இல்ல. என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுறாரு. கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது, கைய எறக்க மாட்டேங்குறாரு. முன்னப் பின்ன தெரியாத ஆளு. எங்கிட்ட எதுக்கு புள்ள இப்புடி நிக்கிறாரு?"

ஜுலைகாவும் அவளைப் பார்த்தார். பூங்குழலி தரையில் மண்டியிட்டு மஜீது பாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், ஒங்க கண்ணுல சீழே இல்ல" என்றாள்.