நாலாம் எண் வில்லை

1

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. கதவைத் திறப்பார்கள், சாத்தமாட்டார்கள். படகில் ஏறுவார்கள், வில்லையைத் திருப்பமாட்டார்கள்.

நான் கதை எழுத உட்காரவில்லை. பயணிகள் தங்கிப்போகிற பார்ஜ் படகு ஒன்றைப் புதிதாக வாங்கிய அம்மாள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். "இஷ்பெல் எங்களிடம் நடைவழிகாட்டி வேலை கேட்கிறார். அவர் வேலை பார்த்த படகில் நீங்கள் சமையல்காரர். அவர் கவனமான ஆளா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும்."

ஒரு வரிப் பதில். மூன்று நாளாக எழுதி அது இப்படி ஆகிவிட்டது. கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்களும் என்னை நம்பவேண்டாம்.

2

முதல் தொடக்கம்: லோக்கி ஏரியின்மேல் மூடுபனி வெள்ளிச் சால்வைபோல

அடித்துவிட்டேன். அன்று பனியும் இல்லை, சால்வையும் இல்லை. தூறல்.

இரண்டாம் தொடக்கம்: ஆறு நாள் நடை. காலையில் இஷ்பெல் எட்டுப் பேரை ஏரிக்கரைப் பாதையில் கூட்டிப்போவாள். படகு தண்ணீர்வழியே முன்னால் போய்க் காத்திருக்கும். சாயங்காலம் வந்து ஏறி, சாப்பிட்டு, அதிலேயே படுப்பார்கள். ஏறுகிற இடத்தில் ஒரு பலகை; ஆளுக்கொரு பித்தளை வில்லை, அவரவர் அறை எண் போட்டது. கரையில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், திரும்பி ஏறியதும் வெள்ளைப் பக்கம். அவரவர் வில்லையை அவரவர்தான் திருப்பவேண்டும்.

[இந்த விதியைப் போட்டவன் நான். ஆட்களின் வாயை நம்பமுடியாது.]

மூன்றாம் நாள். ஏரியிலிருந்து கால்வாய்க்குள் படகை விடுகிற மதகு ஒன்று உண்டு; மதகுக்காரர் ஐந்து மணிக்கு அதைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குள் படகு மதகைத் தாண்டவேண்டும். மணி நாலே முக்கால். நடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். திருமதி வென்ட், எழுபத்தொரு வயது, காலில் கொப்புளம். "படகுதான் கண்ணுக்குத் தெரியுதே, நீ போம்மா, நான் மெல்ல வர்றேன்" என்று இஷ்பெலை முன்னால் அனுப்பிவிட்டாள். இஷ்பெலும் வந்துவிட்டாள்.

"என்ன மர்டோ, இன்னிக்காவது சூப்புல உப்பு இருக்கா?" என்று அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து என்னைக் கேட்டாள்.

"உழைச்சவங்களுக்குத்தான் உப்பு. மழைத்தண்ணிய வேர்வைன்னு ஏமாத்தாதே."

"எல்லா உப்பையும் உன் நாக்குலயே கொட்டிக்கிட்டா சட்டிக்கு எங்க இருக்கும்!"

சிரித்துக்கொண்டே கீழே அறைகள் பக்கம் போனாள். சற்று நேரத்தில் மேலே வந்தபோது, படகோட்டி டூகல் கத்தினார்.

"இஷ்பெல், எல்லாம் வெள்ளையா? மதகுக்காரன் கடிகாரத்தையே பாக்கறான்!"

அவள் பலகையைப் பார்த்தாள். "எல்லாம் வெள்ளை. எடுங்க!"

3

திருமதி வென்ட் வந்து பார்த்தபோது படகு மதகுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டுக்கொண்டே கால்வாய்க் கரையில் ஓடியிருக்கிறாள். வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

நாலாம் எண் அவளுடையது. யார் திருப்பியது?

அவள் கணவர். மறதிக்காரர். தன் வில்லையோடு மனைவியின் வில்லையையும் ஒரு பிரியத்தில்

இல்லை. அவளுக்குக் கணவர் கிடையாது. தனியாகத்தான் வந்தாள். அந்த மனிதரை நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், தொப்பி மாட்டி, இருமல் கொடுத்து. நல்ல மனுஷன். அவரை மாட்டிவிட மனம் வரவில்லை.

4

படகு கிளம்புவதற்குச் சற்று முன்னால் சூப்புச் சட்டியோடு பலகைப் பக்கம் போனேன். நாலு மட்டும் சிவப்பு. கீழே நாலாம் அறைக்குள் காலடிச் சத்தம். ஏறிவிட்டாள், திருப்பத்தான் கை வரவில்லை என்று திட்டிக்கொண்டே நான் திருப்பிவிட்டேன்.

அறைக்குள் நடந்தது இஷ்பெல். கிழவியின் படுக்கையில் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று டூகல் அடுக்களைக்கே வந்து நின்றார். "வில்லைய யாருய்யா திருப்பினது?"

நான் சூப்பைக் கிண்டினேன்.*

"யார் திருப்பினா என்ன டூகல்?" என்றாள் இஷ்பெல். "வெள்ளையப் பாத்தேன், தலைய எண்ணல. தப்பு என்னுது."

அந்த வாரத்தோடு அவள் வேலை போயிற்று. அதற்குப் பிறகு ஆறு கோடை போய்விட்டது. எந்தப் படகும் அவளை எடுக்கவில்லை.

* அன்று உண்மையிலேயே உப்புப் போடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: "கவனமான ஆள்" என்று மட்டும் எழுதி அனுப்புகிறேன். மணிக்கட்டுக் கதை அந்த அம்மாள் காதுக்கு ஏற்கெனவே போயிருக்கும். என் ஒரு வரியை யார் நம்புவார்கள்?

முடிவு இரண்டு: நாலாம் பகுதியைக் கிழித்து உறைக்குள் வைக்கிறேன். இஷ்பெல் மறுபடி ஏரிக்கரையில் நடப்பாள். டூகல் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இஷ்பெல் என்ன செய்வாள் என்பதை எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

முடிவு மூன்று: வெள்ளிக்கிழமை சும்மா போய்விடுகிறது. ஆறு வருடம் போகவில்லையா?

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிறீர்கள் என்றால் காகிதம் அடுப்புக்குப் போகவில்லை என்பது தெரியும். உறைக்குள் போனதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. தபால்காரர் மூன்று மணிக்கு வருவார். உறை மேசைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் கிளம்புகிறேன். வில்லையைத் திருப்பியவன் நான்தான், சரி. பலகைக்குக் கண் கிடையாது, அவளுக்கு இரண்டு இருந்தது. எட்டே தலை.

எண்ணியிருக்கலாம்.