கிரிஜாவின் கம்பனி எங்கே பிறந்தது?

1.
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஹனோவரில் கிரிஜா வீட்டுக் குசினிக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அங்கே ஒரு கம்பனி பிறந்துகொண்டிருந்தது.

2.
முதல் தொடக்கம்: 'எஸ்தோனியாவில் பனி பெய்துகொண்டிரு…'

வேண்டாம். அந்த நாட்டை நானும் பார்த்ததில்லை, கிரிஜாவும் பார்த்ததில்லை. (அதுதானே அதிசயம்! வெளிநாட்டில் இருந்தபடியே தன் மண்ணில் தொழில் தொடங்கவிடும் அந்த நாடு அவளுக்கு ஓர் அட்டை கொடுத்து, 'டிஜிட்டல் வதிவாளர்' என்று பெயரும் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ஒரு விசா முத்திரைக்காக அவள் அப்பா எத்தனை வருடம் காத்திருந்தார்! எனக்கு மெய்சிலிர்த்தது.)

3.
அவள் செய்வது கல்யாண அழைப்பிதழ்க் காணொளிகள். அதை நம்பி வேலையை விட்டிருந்தாள். கையில் இருந்தது கொஞ்சச் சேமிப்பு.

கணவன் கீர்த்தனன் மென்பொருள் பொறியியலாளன், பஞ்சாங்கமும் பார்ப்பான். (இந்தப் பாத்திரத்தை நம்பமாட்டீர்கள். நானும் இரண்டு தரம் வெட்டிவிட்டுத்தான் எழுதினேன்.)

"கம்பனியும் பிள்ளை மாதிரித்தான். ராகுகாலம் துவங்கப்போகுது, கெதியாப் போடும் கையெழுத்தை!"

கிரிஜா அட்டையைக் கணினியில் செருகி, இரகசிய இலக்கத்தை அழுத்தினாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் கையெழுத்து எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இருந்தது.

கீர்த்தனனின் முகம் கறுத்தது. "ஐயோ, தாலின் ஒரு மணித்தியாலம் முன்னுக்கெல்லோ! அங்க இப்ப ராகுகாலம்!"

4.
செலவைச் சொல்லாமல் கதை நகராது. அட்டைக்குக் கட்டணம், பதிவுக்குக் கட்டணம், யாரும் குடியிராத ஓர் எஸ்தோனிய விலாசத்துக்கு ஆண்டுக் கட்டணம், அங்குள்ள கணக்காளருக்கு மாதக் கட்டணம். இவ்வளவையும் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

மறுவாரம் ஜெர்மன் வரி ஆலோசகர் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கம்பனியை எங்கிருந்து நடத்துகிறீர்கள்?

"என்ர குசினியில இருந்து," என்றாள் ஜெர்மன் மொழியில்.

அப்படியென்றால் வரி இங்கே, இங்கும் ஒரு கணக்காளர் வேண்டும் என்றார்.

கீர்த்தனன் துள்ளினான். "அப்ப கம்பனி ஹனோவரிலதான் பிறந்திருக்கு! நேரம் நல்ல நேரம்!"

"ஓம். அந்த நல்ல நேரத்துக்கு இப்ப ரெண்டு கணக்காளர்."

5.
முடிவு ஒன்று: கம்பனியை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே…
முடிவு இரண்டு: சேமிப்புக் கரையுமுன் டொரண்டோவிலிருந்து ஒரு பெரிய கல்யாண வீட்டார்…

இரண்டையும் விட்டுவிட்டேன். மூடுவதற்கும் தொடர்வதற்கும் அதே அட்டை, அதே இலக்கம். அட்டையைச் செருகிவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கீர்த்தனன் பஞ்சாங்கத்தை எடுத்தான்.

"அதை வையுங்கோ. நேரத்தை நான் சொல்லுறன்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, உங்கட கதையில நான் என்ன செய்யிறன்?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். ஆனால் அந்த இலக்கம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.