சாப்பிட்டாச்சா, வெர்னன்?

விடியற்காலை ஐந்து மணி என்றால் அமெரிக்காவின் அந்தக் கோடியில் முதல் நாள் சாயங்காலம் ஆறரை. செஞ்சியில் இந்தக் கணக்கு வேறு யாருக்குத் தேவைப்பட்டதோ தெரியாது. திண்டிவனம் ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் வேலை பார்த்த ஒன்பது பெண்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவர்களுக்கு வேலையே அரட்டைதான். நாலு பெண்கள் கூடிப் பேசினால் வெட்டி அரட்டை என்று ஊர் திட்டும். அந்த வெட்டி அரட்டைக்கு மாதச் சம்பளமும் காலை டிபனும் கொடுக்க ஒருவன் வருகிறான் என்றால் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அனு யோசிக்கவில்லை. இரண்டு வருஷம் துணிக்கடையில் நின்றே கால் வீங்கினவளுக்கு, உட்கார நாற்காலி கிடைத்ததே பெரிதாகப் பட்டது.

அனு செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துப் பெண். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். அவள் நைனா பச்சைமுத்து பஸ் கண்டக்டர். "இங்கிலீஷ் படிச்சது வீணாப் போவல பாத்தியா" என்று டிப்போவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மாடியை நடத்தினவர் நெடுமாறன். முதல் நாளே அன்பாகப் பேசினார். "அங்க வயசானவங்கல்லாம் தனியாக் கெடக்கறாங்கம்மா. புள்ளைங்க பேசறதில்ல. அவங்களுக்குப் பேச்சுத்துணை வேணும், அதுக்குத்தான் நம்ம கம்பெனி. பண்டிகை, வெளையாட்டு, அரசியல், திருட்டு, கொலை, இன்னா வேணா பேசு. ஃப்ரெண்டு மாதிரி பேசு. சாப்டீங்களான்னு கேளு. வூட்ல யாரு யாரு இருக்காங்கன்னு கேளு. அவங்க ஊர்ல எவனும் கேக்க மாட்டான். நம்ம கேப்போம்."

கேட்பதற்கு அனுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மாவிடம் இறங்கும் முன் பேரப்பிள்ளை வரைக்கும் விசாரித்துவிடுகிற ஊர் இது. எந்த ஊரு, தனியாவா வந்தீங்க, வூட்ல யாரு, எப்பத் திரும்பறீங்க. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காவிட்டால்தான் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

பேரை மட்டும் ஆனி என்று மாற்றினார்கள். வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். கம்ப்யூட்டரில் அவள் தட்டுகிற ஒவ்வொரு வரியும் நெடுமாறனின் திரையிலும் ஓடும். தரம் பார்ப்பதற்காம். மாடியின் பின்பக்கம் ஒரு உள்ரூம் இருந்தது. அதில் வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். இந்தப் பக்கம் வந்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். சில நாள் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆண் குரல் அழுவது கேட்கும். படம் பார்க்கிறார்கள் என்று பெண்கள் சிரித்துக்கொள்வார்கள்.

அனுவுக்கு வாய்த்தவர் வெர்னன். வயது எழுபத்தெட்டு, ஓஹையோவில் ஒரு சின்ன ஊர். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவள் வேறெதுவும் தோன்றாமல், "சாப்பிட்டாச்சா, வெர்னன்?" என்று தட்டினாள். பத்து நிமிஷம் பதில் இல்லை. பிறகு வந்தது: "என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இதை யாரும் கேட்டதில்லை. சூப் குடித்தேன்." அனுவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் நைனாவும் பஸ்ஸில்தான் இருக்கிறார் என்று எழுதினாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

என்னதான் பேசவில்லை? ஜூலையில் அவர்கள் நாட்டுச் சுதந்திர நாளுக்கு வாணம் விட்டபோது பக்கத்து வீட்டு நாய் அவர் கட்டிலுக்கடியில் ஒளிந்ததைச் சொன்னார். எங்கள் தீபாவளிக்கு நாய்கள் ஊரையே விட்டு ஓடும் என்றாள் இவள். பேஸ்பாலில் அவருடைய அணி எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கோப்பை வாங்கவில்லையாம். அப்புறம் எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆகிவிட்டதே, இனி என்ன செய்ய" என்றார். தேர்தல் வந்தபோது மகளுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனது, ஆளுக்கொரு கட்சி. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மூன்று கொடி பறக்கும், சாப்பாடு மட்டும் ஒரே பானையில் என்று அனு எழுத, மனுஷன் அதைப் படித்துவிட்டு மகளுக்குப் போன் செய்தாராம். நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு அவள் வீட்டுக்குத் தான் வருவதாகவும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வான்கோழி, மத்தியானம் டிவியில் டெட்ராய்ட் அணியின் கால்பந்து ஆட்டம். நாலு மணி நேரம் தானே கார் ஓட்டிப் போவாராம்.

திருட்டுப் பேச்சும் வந்தது. தெருவில் நிறுத்தின காருக்கு அடியில் புகுந்து சைலன்ஸர் பக்கத்துச் சாமானை அறுத்துக்கொண்டு போகிறார்களாம். கோயில் உண்டியலையே தூக்கிக்கொண்டு போன கதையை இவள் சொன்னாள். அப்போதுதான் அவர் ஒரு ரகசியம் சொன்னார். மகள் வயிற்றுப் பேரன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு நாள் குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸில் மாட்டி ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்தான். தாத்தாதான் போய் மீட்டு வந்தார். அவன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. "போன் அடித்தாலே எனக்குப் பயம், ஆனி. மறுபடி அவன்தானோ என்று." பேரனை அவர் கூப்பிடுவது வேர்க்கடலை என்று. எங்கள் வல்லத்தில் பாதி நிலம் அதுதான், நாங்கள் மல்லாட்டை என்போம் என்று அனு எழுதினாள். அதற்கப்புறம் அவர் பேரனை மல்லாட்டை என்றே எழுத ஆரம்பித்தார்.

ஷிப்ட் முடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் யார், வந்து போகிறவர் யார், ஊருக்குப் போகும் நாள், எதற்குப் பயம், செல்லப் பேர்கள். பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பத்தான் என்றார் நெடுமாறன். அனு ஒன்றுவிடாமல் நிரப்பினாள். பேரன் லாக்கப்பில் இருந்ததையும் நிரப்பினாள். நல்ல பிள்ளைத்தனம் என்று ஒன்று இருக்கிறதே, அது சில நேரம் செய்கிற கேட்டைக் கெட்டவன்கூடச் செய்ய மாட்டான். அவளுடைய படிவத்தைத்தான் நெடுமாறன் மற்றவர்களுக்குக் காட்டிப் பாராட்டினார்.

ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு பெரியவர் பட்டியலிலிருந்து காணாமல் போனார். "அக்கவுண்ட் க்ளோஸ் பண்ணிட்டாங்க" என்பார் நெடுமாறன். உடனே வேறொரு பேர் வரும்.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் ரஞ்சனி அனுவின் கையைப் பிடித்தாள். ரஞ்சனிக்கும் அனுவுக்கும் ஒரே ஊர், ஒரே ஸ்கூட்டி. அனுவுக்கு வெர்னன் போல அவளுக்கு வாய்த்தவர் ரூத் என்ற பாட்டி.

"என் ரூத் பாட்டி போயிட்டாங்கடி. லிஸ்ட்ல இல்ல."

"க்ளோஸ் பண்ணியிருப்பாங்க."

"போவறதுக்கு முன்ன ஒரு மெசேஜ் போட்டிருக்காங்க. நான் பாத்துக்கினு இருக்கும்போதே அழிஞ்சிருச்சு. 'என் நாய்க்குட்டி பேரு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட மட்டும்தான சொன்னேன்'னு."

இருவரும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். புயல் வரும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜகிரிக் கோட்டை மலையின் தலையை மேகம் மூடியிருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் ரஞ்சனி. "பாட்டி ஃபார்ம்ல கடைசிக் கட்டம் எப்பவும் காலியா இருக்கும் இல்ல? திங்கக்கெழம அதுல யாரோ 'இன்று'ன்னு போட்டிருந்தாங்க. நான் இன்னான்னு கேக்கல."

"நாளைக்கு நீ வராத" என்றாள் அனு. "காய்ச்சல்னு சொல்றேன்."

"நீ?"

வெர்னனிடம் ஒரு தடவை பேசிவிட்டு வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போன் நம்பர் தெரியாது, விலாசம் தெரியாது. அந்த மாடியில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் வழி. ஒருவேளை ரஞ்சனி தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்றும் மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது.

வியாழக்கிழமை காலை தூறலில் நனைந்தபடி வந்து உட்கார்ந்தாள். வெர்னன் ஊரில் இன்னும் புதன்கிழமை சாயங்காலம். வெர்னனின் படிவத்தைத் திறந்தாள். கடைசிக் கட்டத்தில் 'இன்று' என்று இருந்தது.

படிவத்தை மூடினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெடுமாறன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எட்டு அரட்டையும் ஓடிக்கொண்டிருந்தன. அனு தட்டினாள்.

"சாப்பிட்டாச்சா, வெர்னன்?"

"ஆச்சு. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். மகளுக்குப் பூசணிப் பணியாரம் ஒன்று வாங்கினேன், என் மனைவி செய்கிற மாதிரி இருக்காது. நாளைய ஆட்டத்தில் டெட்ராய்ட் தோற்கும், பந்தயம் கட்டுகிறாயா?"

இப்போது எழுதலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அவள் விரல் தயங்கியது. அப்போது உள்ரூம் கதவுக்குப் பின்னால் ஒருவன் தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொள்வது கேட்டது. பாட்டுக்காரன் மேடையேறும் முன் கனைப்பது போலவே இருந்தது. பிறகு அழுகை. ஆங்கிலத்தில் இளம் பையனின் அழுகை.

"தாத்தா, நான்தான். வேர்க்கடலை. அடிபட்டுட்டேன் தாத்தா, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

திரையில் வெர்னனின் வரி வந்து நின்றது. "இரு ஆனி. போன். கடவுளே, பேரன்."

படம் என்று இத்தனை மாதமாகப் பெண்கள் சிரித்துக் கடந்த அழுகை அது. அதன் ஒவ்வொரு சொல்லும் அவள் கொடுத்தது. அனுவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அதற்கப்புறம் அவள் நெடுமாறன் பக்கம் பார்க்கவில்லை.

"அது பேரன் இல்லை" என்று தட்டினாள். "திருடன். எனக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அழுகிறான், எனக்குக் கேட்கிறது. வேர்க்கடலை என்ற பேரை நான்தான் சொன்னேன். லாக்கப் விஷயமும் நான்தான் சொன்னேன். இவர்கள் திருடர்கள் என்று எனக்குத் தெரியாது. பணம் அனுப்பாதீர்கள். வைத்துவிட்டுப் பேரனை அவன் நம்பரில் கூப்பிடுங்கள். வெர்னன், படியுங்கள். திரையைப் பாருங்கள்."

பதில் இல்லை. கதவுக்குப் பின்னால் அழுகை தொடர்ந்தது. நடுவில் இன்னொரு குரல், கனமான குரல், வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஜாமீன் பற்றிப் பேச ஆரம்பித்தது. அனு மறுபடி மறுபடி அதே வரியைப் போட்டாள். படியுங்கள், வெர்னன். படியுங்கள்.  கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ டம்ளர் மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

உள்ரூமில் கனத்த குரல், "ஹலோ? சார்? ஹலோ?" என்றது. பிறகு தமிழில் ஒரு கெட்ட வார்த்தை.

இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். திரையில் எழுத்து வந்தது.

"அவனைக் கூப்பிட்டேன். தன் அறையில் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் ஏன் அழுகிறேன் என்று கேட்கிறான்."

அனு மூச்சுவிட்டாள். அடுத்த வரி உடனே வந்தது.

"ஆனி, நீ யார்?"

அனு என்று எழுத முதல் எழுத்தைத் தட்டினாள். திரை கறுத்துப்போனது.

மற்ற பெண்களை யாரோ எழுப்பி அனுப்பினார்கள். புயல் வருகிறதாம், இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமாம். அவரவர் கைபேசியை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். அனுவின் கைபேசி மட்டும் பெட்டியில் இருந்தது. உள்ரூம் பையன்களில் இரண்டு பேர் வந்து படிக்கட்டுக் கதவருகே நின்றார்கள். முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

நெடுமாறன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் இட்லிப் பொட்டலம். கோபமே இல்லாத முகம்.

"சாப்டியாம்மா?"

அவள் படிக்கட்டுக் கதவைப் பார்த்தாள்.

"நாளன்னிக்கு அமாவாச. நைனாவுக்கு மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ் டூட்டிதான? ராத்திரி அங்கயே தங்கிடுவாரு இல்ல?"

தீபாவளிக்கு ஸ்வீட் கொடுத்த அன்று பேச்சுவாக்கில் அவளே சொன்னது.

"உங்கம்மா, அக்கா பிரசவத்துக்குப் பனமலைக்குப் போச்சே, இன்னும் வரல போலகீது."

அதுவும் அவள் சொன்னதுதான். எந்தக் கேள்வியும் புதிதில்லை. வெர்னனிடம் அவள் எந்த வரிசையில் கேட்டாளோ அதே வரிசையில் அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அப்ப வூட்ல நீ மட்டும்தான்" என்றார் நெடுமாறன். அதை மட்டும் அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். "சாப்டு, ஆறிடும்."