ஒன்றுவிடாமல் தப்பு

கண்ணாடிக் கடையில் பெரியவளுக்கு என்ன வேலை என்றால், வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்வது. பகல் முழுக்க ஊரே அவளுக்கு எழுத்து வாசித்துக் காட்டியது. பெற்ற மகள் மட்டும் வாசிக்கவில்லை. மகள் வாசித்ததெல்லாம் ஓர் அணிலுக்கு.

அணில் குடியிருந்தது டேப்லெட்டில். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துகளின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் செயலி அது. அணில் ஓர் ஒலியைச் சொல்லும். பிள்ளை அதற்குரிய எழுத்தைத் தொட வேண்டும். போகப்போக இரண்டு ஒலியை ஒட்ட வேண்டும், மூன்றை ஒட்ட வேண்டும். ப, ட, ம் என்று தனித்தனியாகக் கிடந்தவை ஒரு நாள் படம் என்று முழுசாக வாயில் வந்து விழும். சரியாகச் சொன்னால் அணில் ஒரு கிளை மேலே தாவும். மரத்தின் உச்சியில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. அங்கே போய்விட்டால் அணில் வாயைத் திறக்காது. பிள்ளை தானே வாசித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல காரியம்தானே, இதில் வயிறெரிய என்ன இருக்கிறது? இருக்கிறது. அந்த அணிலுக்குக் குரல் கொடுத்தவள் பெரியவளின் கூடப்பிறந்த தங்கை.

சின்னவளுக்குக் குரல்தான் தொழில். கொடுத்ததைப் பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பிள்ளை சரியாகத் தொட்டதும் அணில் சொன்னது, "சபாஷ், என் சக்கரக்கட்டி." அந்தச் சக்கரக்கட்டி பெரியவளுடையது. மகள் பிறந்த அன்றைக்கு மருத்துவமனையில் வைத்து அவள் வாயில் வந்த வார்த்தை. பக்கத்தில் நின்ற தங்கை அதை நைசாகத் தூக்கிக்கொண்டுபோய் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வாரி இறைத்துவிட்டாள். இப்போது வீட்டில் பெரியவள் 'சக்கரக்கட்டி' என்று கூப்பிட்டால் மகள் சிரிக்கிறாள். "அணில் மாதிரியே சொல்றியேம்மா" என்கிறாள்.

இதைக் கணவனிடம் சொன்னபோது அவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "உன் தங்கச்சி ஓசியில டியூஷன் எடுக்கறா. சந்தோஷப்படுவியா" என்றான். அவனிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

அவளும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு சாயங்காலம் அட்டைகளில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி மகளை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். "ப்" என்றாள். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"நீ இழுக்கறேம்மா. 'ப்'போட வாலா இன்னொரு சத்தமும் வருது. சித்தி சொல்றப்ப வராது."

ஐந்து வயசு வாண்டு சொன்னது இது. பெரியவள் அட்டைகளை அடுக்கி உள்ளே வைத்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அணில் உச்சிக்கு ஒரு கிளை கீழே நின்றபோது சின்னவள் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. முதல் கதையை எனக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்னு வாண்டுகிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டா."

"தாராளமா வாடி" என்றாள் பெரியவள். வாய்தான் சொன்னது. பெற்றவள் குத்துக்கல்லாக இருக்கும்போது முதல் கதை சித்திக்காம்.

மறுநாள் அவளுக்குக் கடை விடுமுறை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பெரியவள் டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொடர்ந்து தப்பாகத் தொட்டால் அணில் ஒரு கிளை இறங்கிவிடும்; பிள்ளை திணறுகிறது, கொஞ்சம் கீழேயிருந்து பழகட்டும் என்று செயலிக்கு ஒரு நல்ல எண்ணம். ஒரே ஒரு கிளை இறக்கினால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் உச்சி எட்டாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

அணில் 'ம' கேட்டது. அவள் 'ச' தொட்டாள். 'ட' கேட்டது. 'ந' தொட்டாள். அணில் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை, இன்னொரு தடவை கேளு" என்று அத்தனை பொறுமையாகச் சொன்னது. அந்தப் பொறுமையைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயசில் ஒரு சீப்புக்காக அக்காவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தவளுக்கு இப்போது எங்கிருந்து வந்தது பொறுமை? ஒரு கிளையோடு கை நிற்கவில்லை. அணில் தரைக்கு வந்து வேரில் உட்கார்ந்த பிறகுதான் நின்றது.

சாயங்காலம் மகள் வந்து திறந்து பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். அணில் வேரில் உட்கார்ந்திருந்ததை மகள் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வா, அம்மா சொல்லித் தரேன்" என்று பெரியவள் அட்டைகளை எடுத்துவந்தாள். மகள் மறுபேச்சில்லாமல் வந்து மடியில் உட்கார்ந்தாள். பெரியவள் 'அ'வைக் காட்டினாள்.

"தெரியலம்மா."

'ப'வைக் காட்டினாள்.

"எல்லாம் மறந்துபோச்சு போல. எனக்கு இது வராதும்மா."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. மடி நிறையப் பிள்ளை, போட்டிக்கு அணில் இல்லை. ஆனால் பிள்ளையின் வாயில் ஓர் எழுத்துகூட இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கை காதுக்குப் போகும் என்பதால் சொல்லவில்லை. பொறாமைக்கு அந்த அளவுக்கு முன்யோசனை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். நல்ல புடவை, நல்ல சிரிப்பு. "எங்க என் கதை?" என்று கேட்டதும் வாண்டு தலையைக் குனிந்துகொண்டது. சின்னவள் டேப்லெட்டை எடுத்தாள், பெற்றோருக்கான பக்கத்தைத் திறந்தாள், வரிசையாகச் சிவப்பாகக் கிடந்த பதில்களை விரலால் தள்ளித்தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, இது குழந்தை பண்ண தப்பு இல்ல" என்றாள் மெதுவாக. "குழந்தை கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் நாலு சரியா விழும். இங்க ஒண்ணுகூட விழல. சரி எதுன்னு தெரிஞ்சவங்கதான் இப்படி ஒண்ணுவிடாம தப்பாத் தொட முடியும்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை பார்வையைத் திருப்பிக்கொண்டாள்; அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே போதும். மகள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. இந்தப் பிள்ளை இப்படித் தலை குனிந்தே வளர்ந்துவிடுமோ என்று பெரியவளுக்குப் பயம் வந்தது.

"வாண்டு, நீ தப்பு பண்ணல" என்றாள். "நீ ஸ்கூல் போனப்ப நான்தான் எடுத்துத் தொட்டேன்."

மகள் நிமிர்ந்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எல்லாமே தப்பாவா?"

"ஆமா."

இனி காரணத்தைச் சொல்ல வேண்டும். தங்கை எதிரில், இருக்கிற மானத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிக் கொட்ட வேண்டும். பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் எழுந்து அருகில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. இத்தனை நாள் காணாமல்போயிருந்த வெளிச்சம் அங்கே இருந்தது.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதாம்மா? எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்" என்றாள் பெரியவள்.

மகள் தன் கதைப் புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அம்மாவின் மடியில் விரித்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு சித்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சித்தி, நீங்க கொஞ்சம் உள்ள போங்க. நீங்க இருந்தா அம்மாவுக்கு வெக்கமா இருக்கும்."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு உள்ளே போய்விட்டாள். மகள் கதவையும் சாத்திவிட்டு வந்தாள். சாத்தும் சத்தம் கேட்டதும் பெரியவளுக்கு உள்ளுக்குள் வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

மகள் முதல் வரியில் விரலை வைத்து, அம்மாவுக்குப் புரியட்டும் என்று ரொம்ப நிதானமாக, வாசிக்க ஆரம்பித்தாள்.